கோடரி கடவுளான கதை

வையையின் வடகரையிலே சோழவந்தான், எதிர்க்கரையிலே தென்கரை. நெல்லும் வாழையும், தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் நிறைந்த பூமி. இந்த ஊருக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், சோழ மன்னன் வந்தான், வளத்தைக் கண்டான், உவந்தான், ஆகவே ‘சோழன் உவந்தான்’ என்பர் ஊரார். கல்வெட்டுப் படித்தோரைக் கேட்டால் வேறு விடை வரும். சோழாந்தக சதுர்வேதிமங்கலம் என்பது பழம்பெயர் என்பர். சோழாந்தகன் என்றால் சோழருக்கு எமன். பாண்டியன் பூண்ட பட்டம் அது. சதுர்வேதிமங்கலம் என்றால் நான்கு மறை கற்றோருக்குக் கொடையாக விடப்பட்ட ஊர்.

ஆக, ஓர் ஊரின் பெயருக்குள்ளே வென்ற மன்னன் இருக்கிறான். தோற்ற மன்னன் இருக்கிறான். கொடை பெற்ற மறையோர் இருக்கின்றனர். இல்லாதவர் இருவர்தாம். காட்டை வெட்டிக் கழனியாக்கியவன் இல்லை. அக்கழனியிலே முதல் விதையை ஊன்றியவள் இல்லை. கொடுப்பதற்கு நிலம் இருந்தால் அன்றோ மன்னன் கொடுப்பான்? அந்த நிலத்தை உண்டாக்கியது யார்? அவர்கள் என்ன உண்டனர், எங்கே உறங்கினர், பொழுது விடிந்தால் என்ன செய்தனர்? இவ்வினாக்களைக் கல்வெட்டிடம் கேட்டுப் பயனில்லை. கல்வெட்டு நேற்றுப் பிறந்தது.

புராணீகரிடம் கேட்கலாம், விடைக்குப் பஞ்சமிராது. கடலை நோக்கிப் பரசுராமர் கோடரியை வீசினாராம், கடல் பின்வாங்கிற்றாம், கேரள நாடு தோன்றிற்றாம். ஒரே வீச்சு! வியர்வை ஒரு துளி உண்டா? உள்ளங்கையிலே காய்ப்பு உண்டா? இல்லை. கோடரி உண்டு, வீசியவர் உண்டு, உழைப்பு மட்டும் இல்லை. நாம் அக்கதையை விட்டுவிட்டு மண்ணைக் கேட்போம். மண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தோண்டுபவருக்கு மட்டும் பொறுமை வேண்டும்.

1863-ஆம் ஆண்டு மே திங்கள் 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் அறிஞர் சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தார். இருபுறமும் செதுக்கிக் கூராக்கப்பட்ட கல். இயற்கை உடைத்த கல்லன்று, மனிதன் உடைத்த கல் என்று அவர் கண்டுகொண்டார். அதே ஆண்டிலேயே, கொற்றலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தில் அவரும் அவர் தோழர் வில்லியம் கிங்கும் அத்தகைய கைக்கோடரிகளை மேலும் கண்டனர். அன்றைய ஐரோப்பாவிலே உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று பாதிரியார் ஒருவர் போட்ட கணக்கை நம்பியோர் ஏராளம். நம் நாட்டிலோ யுகக் கணக்கு இலட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கல் செதுக்கிய மனிதனுக்கு ஆண்டு போதவில்லை. இங்கே ஆண்டுகள் மிகுதி, ஆனால் அவற்றுள் முனிவருக்கும் அசுரருக்கும் இடமிருந்ததே தவிர, கல் செதுக்கியவனுக்கு இடமில்லை!

அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் பல ஆண்டுகள் அகழ்ந்தனர். அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தனர். நம்மைப் போன்ற மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர் வாழ்ந்த, நமக்கு மூத்த மனித இனத்தாரின் கைவேலை அது. அவர்களுடைய எலும்பு அங்கே கிடைக்கவில்லை. அவர்களைச் சுற்றி மேய்ந்த விலங்குகளின் பற்கள் கிடைத்தன. மாட்டினம் ஒன்று, குதிரை இனம் ஒன்று, நீலான் ஒன்று. பின்னும், அடிக்கல்லை முன்கூட்டியே பதப்படுத்திக்கொண்டு அதிலிருந்து வேண்டிய வடிவில் சில்லுப் பெயர்த்தெடுக்கும் நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது 2018-இல் வெளியான முடிவு. ஒரு கல்லைக் கண்டவுடன் அதற்குள் இன்னொரு கருவி இருப்பதை மனத்திலே கண்டு, எந்த இடத்தில் எத்தனை வலுவுடன் தட்டினால் அது வெளிப்படும் என்று கணக்கிட்டுத் தட்டிய மூளை அது. தவறித் தட்டினால் கல் வீண். அங்கே மந்திரம் பலிக்காது.

அந்த வேடர்களின் ஒரு நாளை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம். அவர்கள் ஆற்றை விட்டு அகலமாட்டார்கள். நீரும் அங்கே, நீர் குடிக்க வரும் விலங்கும் அங்கே, உருண்டு வரும் நல்ல கல்லும் அங்கே. கைக்கோடரி ஒன்றே பல வேலைக்கு உதவும். தோலை உரிக்கும், எலும்பை உடைத்து மச்சை எடுக்க உதவும், கிழங்கைத் தோண்டும், மரத்தைச் சீவும். வேட்டை என்றவுடன் நம் கண்முன் வேலேந்திய ஆண்மகன் மட்டுமே நிற்கிறான். படம் வரைவோரும் அவ்வாறே வரைகின்றனர். ஆனால் நாள்தோறும் வயிற்றை நிரப்பியது பெரும்பாலும் கிழங்கும் கனியும் விதையும் தேனும் மீனும் முயலும் உடும்புமே. எந்தக் கொடியின் அடியில் கிழங்கு இருக்கும், எது நச்சு, எதை வேகவைத்தால் நச்சு நீங்கும், எந்த மழைக்குப் பின் எது முளைக்கும் என்பதை அறிந்தோரே குடியைக் காத்தோர். அந்த அறிவு பெண்களிடம் குறைவாக இருந்திருக்கும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

வேட்டைகூட ஆணுக்கே உரியது என்ற எண்ணத்திற்கும் அண்மையில் அடி விழுந்தது. தென் அமெரிக்காவிலே பெரு நாட்டின் உயர்ந்த மலைநிலத்தில், வில்லமாயா பாட்சா என்னுமிடத்தில், 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. உடலோடு ஈட்டி முனைகளும், தோல் சுரண்டும் கற்களும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பெரிய வேட்டைத் தலைவனாக இருப்பான் என்றே முதலில் எண்ணினர். எலும்பையும் பல்லையும் ஆராய்ந்தபோது, அது பதினேழு முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண் என்று தெரிந்தது. 2020-இல் இச்செய்தி வெளியானது. பெண்ணுக்கு அடுப்படி என்பது ஆதியிலிருந்தே வந்த நியதி என்று பேசுவோர், எந்த ஆதியைச் சொல்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

நமக்கு அருகிலே வருவோம். இலங்கையின் மழைக்காட்டுக்குள் பாகியன் குகை என்று ஒன்று உள்ளது. (சீனத் துறவி பாகியான் பெயர் அதற்கு, அங்கேயும் உறைந்து வாழ்ந்தவர் பெயர் இல்லை, வந்து போனதாகக் கதை சொல்லப்பட்டவர் பெயர்தான்!) அக்குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர், மரக்கிளைகளில் தாவும் குரங்கையும் பெரிய அணிலையும் வேட்டையாடி உண்டனர் என்பதை அவர்கள் எறிந்த எலும்புகள் காட்டின. தரையில் நிற்கும் மானை ஈட்டியால் குத்தலாம். உச்சிக்கிளைக் குரங்கை எதனால் குத்துவது? விடை, எலும்பைத் தீட்டிச் செய்த சிறு அம்பு முனைகள். 48,000 ஆண்டுப் பழமை வரை செல்லும் அம்முனைகள், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியதற்கு மிகப் பழைய சான்றுகளுள் அடங்கும். வில் என்றவுடன் அயோத்தியையும் காண்டீபத்தையும் நினைக்கப் பழகிவிட்டோம். வில் அதற்கெல்லாம் முன்பு, குரங்கு வேட்டைக்கும் அணில் வேட்டைக்கும் பிறந்தது.

மதுரைக்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தில் தேரி என்று சொல்லும் செம்மணற் குன்றுகள் உண்டு. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், குட்டம்புளி முதலிய இடங்களில் அத்தேரிகளிலே நகத்தளவான கற்கருவிகள் சிதறிக் கிடந்தன. சாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து 1956-இல் எழுதினர். பிறைவடிவச் சில்லு, முக்கோணச் சில்லு, கூர்முனை. தனியே பார்த்தால் குழந்தை விளையாட்டு. மரத்தண்டிலே பள்ளம் வெட்டி, வரிசையாகப் பதித்து, பிசின் வைத்து இறுக்கினால் அரிவாளாகும், அம்பாகும், மீன் குத்தும் முள்ளாகும். ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பழுதான உறுப்பை மட்டும் கழற்றி மாற்றும் இந்த ஏற்பாட்டை இன்றைய இயந்திரத் தொழிற்சாலை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. தேரியில் வாழ்ந்த மீன்வேடன் அதைச் சொல்லிக்கொள்ளாமலே செய்தான்.

இவ்விடத்தில் நம் தோழர்களுக்கும் ஒரு சொல். மூடப் பழக்கத்தைக் கண்டால் ‘கற்காலத்தவன்’ என்கிறோம். கொடுமையைக் கண்டால் ‘காட்டுமிராண்டி’ என்கிறோம். நாமே மேடைதோறும் சொல்லி வந்த வசைதான். சற்று எண்ணிப் பாருங்கள். கற்காலத்தவன் தீட்டுப் பார்த்தான் என்பதற்குச் சான்று உண்டா? நாள் கோள் பார்த்து வேட்டைக்குப் போகாமல் இருந்திருந்தால் அவன் குழந்தை பட்டினி கிடந்திருக்கும். கல்லின் இயல்பு, காற்றின் திசை, விலங்கின் தடம், இவற்றைக் கண்டு, சோதித்து, தவறினால் திருத்தி வாழ்ந்தவன் அவன். அவனுக்கும் அச்சங்கள் இருந்திருக்கும். இறந்தோரைப் புதைத்தபோது ஏதேதோ நம்பியிருப்பான். ஆயினும் பிறப்பினால் ஒருவன் உயர்ந்தோன், ஒருவன் தாழ்ந்தோன் என்ற ஏற்பாட்டின் தடம் அவனுடைய குப்பைக்குழியில் இல்லை. அது நாகரிகம் முற்றிய பின் வந்த நோய். ஆகவே அவன் பெயரை வசையாக்குவது நியாயமன்று.

அவன் வாழ்வு ஓயாத பட்டினி என்று நினைப்பதும் சரியன்று. 1960-களில் ரிச்சர்டு லீ என்ற அறிஞர் ஆப்பிரிக்காவின் காலகாரிப் பாலையில் வேட்டையாடி வாழ்ந்த மக்களுடன் தங்கிக் கணக்கெடுத்தார். உணவு தேடுவதற்கு அவர்கள் செலவிட்டது வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் அளவே என்று கண்டார். சமைக்கும் நேரத்தையும் விறகு சுமக்கும் நேரத்தையும் சேர்த்தால் கணக்குக் கூடும் என்று பின்வந்தோர் திருத்தினர். சேர்த்தாலும் நம் நாட்டு நாற்று நடும் பெண்ணின் பாட்டுக்கு அது ஈடாகாது. அப்படியானால் வேட்டையை விட்டு மனிதன் ஏன் உழவுக்கு வந்தான்? ஒரே நாளில் வரவில்லை, யாரும் அருளவும் இல்லை. மழை மாறியது, மக்கள் பெருகினர், நல்ல இடத்தை விட்டு நகர மனமில்லாதோர் அங்கேயே விதையைத் தூவிப் பார்த்தனர். உழவு வந்த பல நாடுகளில் முதல் உழவர்களின் எலும்புகள் வேடர்களின் எலும்புகளைவிடக் குட்டையானவை. பற்களில் சொத்தை மிகுதி. சோற்றுக்கு உறுதி கிடைத்தது, விலையும் கொடுத்தனர்.

தென்னாட்டு முதல் உழவர்களின் வாழ்வை அறியக் கர்நாடக, ஆந்திர, தெலுங்கானப் பகுதிகளின் மேட்டுநிலத்துக்குப் போக வேண்டும். அங்கேதான் சான்று குவிந்து கிடக்கிறது. குவிந்து என்பது உண்மையாகவே குவிந்து. சாம்பல் மேடுகள்! பல்லாரி, ராய்ச்சூர், மகபூப்நகர் வட்டாரங்களில் மனித உயரத்தையும் தாண்டி, சில இடங்களில் சிறு குன்றுபோல் நிற்கும் சாம்பல். கேட்டால் கதை தயாராக இருந்தது. அரக்கர்களின் எலும்பு எரிந்த சாம்பல் என்றனர் சிலர். அம்பியை அடுத்த நிம்பாபுரத்து மேடு வாலியைச் சுட்ட சாம்பல் என்றனர். மறைந்து நின்று எய்த அம்புக்கு இரையானவனுக்கு மேட்டையாவது விட்டுவைத்தார்களே என்று மகிழலாம்தான். ஆனால் அதுவும் உண்மையன்று. புரூஸ் பூட் அன்றே, இது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்றார். தேரியை ஆராய்ந்தாரே, அந்தச் சாய்னர், சாம்பலைச் சோதித்து அதனை உறுதி செய்தார். அவருடன் எழுதிய ஆல்சின் 1957-இல் உட்னூர் மேட்டை அகழ்ந்தார். மரக்கம்பு நட்டுச் சுற்றி வளைத்த மாட்டுப்பட்டியைக் கண்டார். சாண அடுக்குகளுக்கு இடையே, மாடுகளின் குளம்படிகள் பதிந்தபடியே இருந்தன! நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டியில் நின்ற மாட்டின் குளம்படி அங்கே இருந்தது. அதன்மேல் நின்றுகொண்டு ஊர் வாலியின் கதையைப் பேசிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டிகளைச் சுற்றி வாழ்ந்தோர் கி.மு. 3000-ஐ ஒட்டித் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகள் போல அந்த வாழ்வைத் தொடர்ந்தனர். மாடு அவர்களுக்குச் செல்வம், உணவும்கூட. வெட்டுத் தழும்பேறிய மாட்டெலும்புகள் அவர்களுடைய குப்பையில் ஏராளம். பசு வழிபாட்டை அனாதி காலத்துப் பழக்கம் என்போர் அக்குப்பையைக் கிளறிப் பார்க்கலாம். ஓரிடத்தில் நெடுங்காலம் சேர்ந்த சாணத்தைக் குவித்து அவ்வப்போது எரித்தனர். சேர்ந்து கூடிய விழா நாளிலே எரித்திருக்கலாம் என்று சில அறிஞர் கருதுகின்றனர். பாறைகளிலே கொம்பு நீண்ட காளைகளைக் கொத்தி வரைந்தனர். குப்கல் குன்றிலே, தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும் பாறைகள் தட்டித் தட்டிக் குழிந்து கிடக்கின்றன, இசையும் இருந்தது.

அவர்கள் எதை விதைத்தனர்? கோதுமையா? அரிசியா? இல்லை. அடுப்பில் கருகிய விதைகளை நீரில் மிதக்கவிட்டுப் பிரித்து ஆராய்ந்தவர்கள் கண்டது கொள்ளு, பாசிப்பயறு, சாமையினத்தைச் சேர்ந்த சிறு புல்லரிசிகள். கொள்ளும் பாசிப்பயறும் இத்தென்னாட்டிலேயே காட்டுச்செடியிலிருந்து பயிராக்கப்பட்டவை என்பது ஆய்வு முடிவு. கோதுமையும் வாற்கோதுமையும் பிற்பாடு வடக்கிலிருந்து வந்து சேர்ந்த விருந்தாளிகள். காட்டுப்பயற்றின் நெற்று முற்றியவுடன் வெடித்து விதையைச் சிதறிவிடும். அது செடிக்கு நன்மை, மனிதனுக்கு நட்டம். வெடிக்காமல் நின்ற நெற்றையே கை எளிதாகப் பறித்தது. பறித்ததையே மறு ஆண்டு விதைத்தது. இப்படி ஆண்டுக்கு ஆண்டு, தலைமுறைக்குத் தலைமுறை, விதை சிந்தாத செடியும், பருத்த விதையும் உண்டாயின. இதைச் செய்தவர் எவருக்கும் முடிவு தெரியாது; பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளைக்குத்தான் பலன். இன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் புன்செய்க்காட்டில் விளையும் கொள்ளு, மாட்டுத் தீவனம் என்றும் ஏழை உணவு என்றும் இகழப்படுகிறது. நம் தென்னாட்டின் மூத்த பயிர் அது.

தமிழகத்திலே இந்தப் புதிய கற்கால வாழ்வு வேலூர், திருப்பத்தூர், தருமபுரி, கிருட்டினகிரி, சேலம் பக்கத்து மலையடிவாரங்களில் விளங்கியது. திருப்பத்தூர் வட்டாரத்துப் பையம்பள்ளியில் 1964-65-இலும் 1967-68-இலும் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை அகழ்ந்தது. நிலத்தைப் பள்ளமாகத் தோண்டி, சுற்றிலும் கழி நட்டு, மேலே கூரை போட்ட குடில்களில் வாழ்ந்திருக்கிறார்கள். அங்கேயும் கருகிய கொள்ளு, பாசிப்பயறு. அங்கேயும் அரைக்கும் கல். ஒரு குடிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தானியத்தை முழந்தாளிட்டுத் தேய்த்து அரைப்பது எத்தனை நாழிகை வேலை! உலகின் பல பகுதிகளில் முதல் உழவர் குடிப் பெண்களின் எலும்புக்கூடுகளில் முழங்காலும் கால் பெருவிரலும் முதுகெலும்பும் தேய்ந்திருப்பதைக் கண்டிருக்கின்றனர். உழவின் வரலாற்றை அந்தத் தேய்ந்த எலும்பிலே படிக்க வேண்டும்.

இனிக் கோடரிக்கு வருவோம். புதிய கற்காலக் கோடரி பழையதைப் போல் தட்டி முடித்துவிடும் பொருளன்று. கருங்கல்லைத் தட்டி உருவாக்கி, மேடு பள்ளங்களைக் கொத்திச் சமன் செய்து, பிறகு பாறையிலே நீரும் மணலும் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் பாறையே குழிந்து வழவழப்பாகிவிடும். அத்தகைய குழிகளைத் தென்னாட்டுக் குன்றுகளில் இன்றும் காணலாம். பல்லாரியை அடுத்த சங்கனக்கல்லு, குப்கல் குன்றுகளில் கோடரி செய்வதே பெருந்தொழிலாக நடந்திருக்கிறது. குன்றின் சரிவெல்லாம் செதுக்கிய சில்லுகள். அக்கோடரி காட்டைத் திறந்தது. திறந்த இடத்தில் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்தில் பயிர் வந்தது. ஆயிரம் பரசுராமர்கள், ஒவ்வொருவரும் நாள்தோறும் வெட்டி உண்டாக்கிய நிலம் இது.

பிறகு இரும்பு வந்தது. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இலும், சிவகளையில் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025-இலும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரும்பு பரவப் பரவக் கற்கோடரி மண்ணுக்குள் போயிற்று. பல நூற்றாண்டு கழித்து ஏர் முனையில் பட்டு மேலே வந்தது. எடுத்தவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. வழவழப்பு, வடிவம், கனம். மனிதன் செய்ததாக இருக்க முடியாது, தெய்வத்தின் பொருளாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். சேர்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் இவற்றை மரத்தடியிலும் சிறு பிள்ளையார் கோயில்களிலும் குவித்து, எண்ணெய் பூசி, பூச்சூட்டி வழிபட்டனர். சேர்வராயனில் அக்குவியல்களைப் புரூஸ் பூட்டே கண்டு எழுதியிருக்கிறார். நம் மலைமக்கள் மட்டும் ஏமாந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பிய உழவனும் இதே கல்லை இடியோடு வானிலிருந்து விழுந்தது என்று நம்பி, வீட்டுக் கூரையில் செருகிவைத்தான்.

பாருங்கள் விந்தையை! பாட்டன் தன் கையால் தேய்த்துத் தேய்த்துச் செய்த கருவியின் முன், பேரன் கைகட்டி நிற்கிறான். கருவி கருவறைக்குள் போயிற்று. அதைச் செய்தவனின் வழித்தோன்றல்களில் பலர் அக்கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். உழுதவனின் தொழிலைச் சான்றோர் பழிக்கும் தொழில் என்று மனு நூல் எழுதி வைத்தது. இரும்பு முகம் கொண்ட மரம் நிலத்தையும் அதில் வாழும் உயிரையும் வருத்துகிறதாம்! அவ்வாறு எழுதிய கை, எழுதும் முன் உண்ட சோறு எந்த மரம் கீறிய நிலத்தில் விளைந்தது?

பயிர்களின் வரலாறு இன்னொன்றையும் உடைக்கிறது. எமது தேசத்து உணவே தூய உணவு, ஆதி உணவு என்ற வீம்பை. சோழவந்தான் சந்தைக்குப் போய் ஒவ்வொரு கூடையாகக் கேட்டு வந்தால் உலகமே அங்கே அமர்ந்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையின் மூதாதை, கிழக்கே தென்கிழக்காசியக் காட்டுக்கொடி. வாழையைப் பயிரிட்டோரின் பழந்தடம் நியூகினித் தீவிலே. மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினரின் கொடை. போர்த்துக்கீசியர் கப்பல் வருமுன் இங்கே அவற்றைக் கண்டவர் இல்லை. சேரனும் சோழனும் பாண்டியனும் மிளகாய் வற்றலின் காரம் அறியாமலே ஆண்டு மறைந்தனர்!

அந்த அமெரிக்கப் பழங்குடியினர் செய்த செயல்களில் மக்காச்சோளத்துக்கு ஒப்பு அரிது. மெக்சிகோவில் தியோசிந்தே என்றொரு காட்டுப்புல். கதிர் என்று சொல்லத் தக்கதும் இல்லை; ஐந்து முதல் பன்னிரண்டு வரை விதைகள், ஒவ்வொன்றும் கல்போன்ற ஓட்டுக்குள். 9,000 ஆண்டுகளுக்கு முன் பால்சாசு ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்கள் அப்புல்லைப் பயிரிடத் தொடங்கினர். 1960-களில் தெகுவாக்கான் பள்ளத்தாக்குக் குகைகளை அகழ்ந்த மக்நீசு என்பவர் பழைய மக்காச்சோளக் கதிர்களைக் கண்டார். விரல் நுனி அளவே இருந்தன. அதிலிருந்து இன்றைய கைநீளக் கதிர் வரை எத்தனை ஆயிரம் பெண்கள், எத்தனை ஆயிரம் அறுவடையில், நல்ல விதையை ஒதுக்கிவைத்திருப்பார்கள்! அங்கேயும் பிற்காலத்தில் தெய்வங்கள் மக்காச்சோள மாவினால் மனிதனைப் படைத்தன என்று கதை எழுந்தது. நடந்தது மறுதலை. மனிதன்தான் மக்காச்சோளத்தைப் படைத்தான்.

அதே கண்டத்து வேடர்களின் தொன்மை வெளிப்பட்ட கதையையும் நம் இளைஞர் அறிய வேண்டும். 1908-இல் நியூமெக்சிகோவின் பால்சம் ஊரை ஒட்டிப் பெருவெள்ளம் அடித்து ஓடைக்கரையை அரித்தது. வேலி பழுதுபார்க்கப் போன ஒரு மாட்டுக்காரர், கரையின் ஆழத்திலே பெரிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். இன்றைய காட்டெருமை எலும்பன்று, இத்தனை ஆழத்தில் இருப்பதால் மிகப் பழையதாக இருக்க வேண்டும் என்று உணர்ந்தார். அவர் பெயர் ஜார்ஜ் மக்ஜங்கின். அடிமையாகப் பிறந்த கறுப்பர். பள்ளி சென்று படித்தவரல்லர், தாமே எழுத்துக் கற்றவர். அறிஞர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், வருவாரில்லை. 1922-இல் இறந்தார். 1926-இல் அகழ்வு தொடங்கியது. 1927-இல், அழிந்துபோன காட்டெருமையின் விலா எலும்புகளுக்கு இடையே கல் ஈட்டி முனை இருந்தபடியே கிடைத்தது. அமெரிக்காவில் மனிதன் வாழ்ந்தது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற கொள்கை அன்றோடு ஒழிந்தது. புகழ் அகழ்ந்தோருக்குப் போயிற்று. மக்ஜங்கின் பெயர் நூல்களில் ஏறப் பல பத்தாண்டுகள் ஆயின. மாடு மேய்க்கும் கண்ணுக்கு மண்ணின் அடுக்குத் தெரிந்திருந்தது. பட்டம் பெற்ற கண்களுக்கு மாட்டுக்காரர் தெரியவில்லை.

நம் மாவட்டத்திலும் அத்தகைய குருட்டுத்தனத்திற்குக் குறைவில்லை. மேலூர்ப் பக்கத்துக் கருங்காலக்குடிக் குன்றிலே பழம் பாறை ஓவியங்கள் உள்ளன. குன்றின் பெயர்? பஞ்சபாண்டவர் குன்று! கீழவளவில் சமணத் துறவியருக்கு வெட்டிய கற்படுக்கைகள், தமிழி எழுத்தோடு. மக்கள் வழக்கில் அதுவும் பாண்டவர் படுக்கை! பாண்டவர் ஐவர் எத்தனை மலையில்தான் படுத்தார்கள்? ஒருவேளை வனவாசம் முழுவதும் மதுரை மாவட்டத்திலேயே உறங்கிக் கழித்தார்களோ என்னவோ! வரைந்தவன் விரலும், வெட்டியவன் உளியும், படுத்துறங்கிய துறவியின் பெயரும் பாறையிலேயே இருக்க, வராத ஐவருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டோம்.

காவிரிக்குத் தெற்கே தேய்த்த கற்கோடரி அரிதாகவே கிடைக்கிறது. தேரியின் நுண்கல்லுக்கும் தாழியின் இரும்புக்கும் இடையே இப்பகுதியில் என்ன நடந்தது என்பதை இனித்தான் தோண்டிக் காண வேண்டும். தாமிரபரணிப் பக்கத்துச் சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அரசு அறிவித்தது. வையைக் கரையிலோ, சோழவந்தானுக்குக் கீழே அதே ஆறு பாயும் கீழடியில், கி.மு. 6-ஆம் நூற்றாண்டளவில் செங்கல் கட்டடமும் எழுத்துப் பொறித்த பானையும் நூல் நூற்கும் தக்களியும் நிலைபெற்றுவிட்டன. அங்கும் எலும்புக் குவியலில் மாடும் எருமையும் ஆடும் மிகுதி. அவற்றோடு புல்வாய் மானும் காட்டுப்பன்றியும் மயிலும் கலந்து கிடந்தன. நெல் விளைந்த பிறகும், நகர் எழுந்த பிறகும், வேட்டை முற்றிலும் விடைபெறவில்லை. மேற்கு மலையின் பளியர் மக்கள் தேனும் கிழங்கும் எடுக்கும் அறிவை நம் காலம் வரை காத்து வந்துள்ளனர். அவர்கள் கற்காலத்தின் மிச்சமல்லர், நம்மோடு வாழும் நம் காலத்து மக்கள். காட்டைப் பற்றி வனத்துறை ஏடுகள் அறியாத பலவற்றை அறிந்தவர்கள்.

கீழடியில் 2015 முதல் நாம் காட்டும் அக்கறையைக் குன்றுகளுக்குக் காட்டினோமா? மேலூர் வட்டாரக் குன்றுகளைக் கருங்கல்லுக்காக அறுத்த கொள்ளை 2012-இல் வெளிப்பட்டபோது, எத்தனை பாறைப்பரப்பு ஏற்கெனவே கற்பலகையாகிக் கப்பல் ஏறிவிட்டது! ஓவியம் இருந்த பாறையோ, கோடரி தேய்த்த குழியோ அதனோடு போயிருந்தால் மீளாது. எழுத்தாவது படியெடுத்து வைக்கலாம், பார்க்கப்படாமலே போன கோட்டைப் படியெடுப்பது எங்ஙனம்? 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டதாகச் செய்தி வந்தது. பல்லுயிர் மரபுத்தலம் என்று 2022-இலேயே அறிவிக்கப்பட்ட ஊர் அது. இம்முறை அறிஞர் அறிக்கைக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஊர் ஊராக உழவர்கள் கூடினர், பெண்கள் கூடினர், 2025 சனவரியில் மேலூர்ச் சாலை வழியே மதுரைக்கு நடந்தே வந்தனர். அதே திங்களில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது.